கண்பட்ட கனவானும் ஆறாவது மூட்டையும்

ஓர் ஆளுக்கு மூச்சு வாங்குகிறது. நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அவர் முன்னால் இருக்கும் தட்டையா, எதிரே நிற்கும் ஆளின் கண்ணையா? தட்டை என்பவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். கண்ணை என்று மனத்துக்குள் முணுமுணுத்தவர்கள் உட்காருங்கள். உங்கள் இனத்தாரைப் பற்றித்தான் பேச்சு.

கண்பட்ட கனவான் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைப்போம். ஊருக்கு இரண்டு பேராவது உண்டு. உடம்பு பருத்தவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி அல்ல. நோயால் பருத்தவர்கள் உண்டு, பெற்றோர் வழியில் பருத்தவர்கள் உண்டு; அவர்கள் பாட்டுக்கு நடந்து போகிறார்கள், விடுங்கள். கனவான் வேறு. தொப்பையைப் பட்டா வாங்கிய நிலம் போல முன்னால் தள்ளிக்கொண்டு வருவார். பேருந்தில் அதற்குத் தனி இடம் பிடிப்பார். கூட்டத்தில் அதைப் பார்த்துத்தான் அவருக்கு மாலை விழும். ஒல்லியான கூலியாள் எதிரே வந்தால் "இன்னாடா, காத்தடிச்சா பறந்துடுவ போலக்கீது" என்று குலுங்கிச் சிரிப்பார். பிறகு மூன்றாவது படி ஏறும்போது மூச்சு இரைத்தால், அந்தக் கூலியாளின் கண்தான் காரணம் என்று சாதிப்பார். சாப்பாடா? சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?

திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருந்த ரங்கசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி பிறந்தால் ஜீப்பில் மலை ஏறிப் புதூர்நாட்டுக்கு வந்துவிடுவார். முன் இருக்கை முழுவதையும் அவரே நிரப்பிவிடுவதால், டிரைவர் ஒரு காலை வெளியே தொங்கப்போட்டுத்தான் ஓட்டுவான். இடுப்பில் பச்சை பெல்ட். அதற்குக் கீழே ஒரு தாயத்து. அதை அவர் கண்ணால் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

புதூர்நாட்டில் அவருக்கு ஒரு கொட்டகை, மூட்டை நிறுக்க ஓர் இரும்புப் பலகைத் தராசு, அதில் நிறுக்கத் தேவராஜ் என்று ஒரு தராசுக்காரர். மலையில் புளி வாங்க வேறு யாரும் வருவதில்லை. அவர் வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்து ரசம் வைக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் காலை பாஞ்சாலை ஆறு மூட்டை புளியோடு வந்தாள். ஒரு வருடத்து மரமேறல், அடித்தல், ஓடு நீக்கல் எல்லாம் அந்த ஆறில் இருந்தது. மழைக்கு முன் கூரை வேய வேண்டியதும் அதிலிருந்துதான். ரங்கசாமி அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஐந்தடுக்கு கேரியர். முதல் அடுக்கில் இட்லி, இரண்டாவதில் பொங்கல், மூன்றாவதில் வடை, நான்காவதில் மறுபடியும் வடை. ஐந்தாவதைத் திறக்கும்போது உச்சி வெயில் வந்துவிட்டது. பாஞ்சாலை நின்றுகொண்டே இருந்தாள். நிற்கிறவள் எங்கே பார்ப்பாள்? எதிரே இருப்பதைத்தான்.

அதிலிருந்த கடைசி வடையில் ரங்கசாமிக்கு நெஞ்சை அடைத்தது.

"கண்ணு வச்சிட்டா," என்று அவர் மார்பைப் பிடித்தார். "தேவராஜி, இவ புளி நமக்கு வேணாம். இவ இந்தப் பக்கமே வரக் கூடாது."

"நான் சாமைக்களி துன்னுட்டுத்தாங்க வந்தேன்," என்றாள் பாஞ்சாலை. "உங்க வடை மேல எனக்கின்னா கண்ணு?"

யார் கேட்டார்கள்? ஜீப் திருப்பத்தூருக்குப் பறந்தது. ஆறு மூட்டைகளும் கொட்டகை வாசலிலேயே கிடந்தன. ஒரு கோடை மழை விழுந்தால் போதும், அத்தனையும் கறுத்துப்போகும்.

திருப்பத்தூர் டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றினார். நூற்று இருபது கிலோ.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"நான் எங்கங்க சாப்பிடறேன்? நாலே நாலு இட்லி."

"தொட்டுக்க?"

"பொங்கல்."

டாக்டர் பேனாவை மூடினார். "இது கண்ணு இல்லீங்க, கொழுப்பு. ஒரு இதயம் ரெண்டு ஆளு பாரத்தை இழுக்குது. ரத்தக் கொதிப்பு ஏறிப்போச்சு, சர்க்கரையும் வரப் பாக்குது. வடையை விடுங்க. தெனம் மூணு மைல் நடங்க."

இளம் டாக்டர், அனுபவம் போதாது என்று ரங்கசாமி முடிவு கட்டினார். வீட்டுக்கு வந்ததும் மனைவி சுந்தரம்மாள் ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அவரை மூன்று முறை சுற்றி வந்தாள். டாக்டர் சொன்ன மூன்று மைலை அந்த வீட்டில் நடந்தது அவள்தான்.

அடுத்த வாரம் ரங்கசாமி மறுபடியும் மலை ஏறினார். பாஞ்சாலை மூட்டைகளின் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"திரும்பி நில்லும்மே. அந்தப் பக்கம் பாரு."

"அந்தப் பக்கம் பலாமரம் நிக்குதுங்க. நான் பாத்தா அது காஞ்சிடாதுங்களா?"

புளியோடு காத்திருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். ரங்கசாமிக்குக் கோபம் வந்தது. தான் தேய்ந்துகொண்டிருப்பது அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. அதை இந்த ஜனங்களுக்கு நிரூபிக்க வேண்டும். விறுவிறுவென்று போய்த் தராசுப் பலகையில் ஏறினார்.

"வேணாங்க முதலாளி," என்று தேவராஜ் ஓடி வந்தார். "அது புளி நிக்கிற எடம்."

"ஏன், நான் புளியை வுட மட்டமா? நிறு."

தேவராஜ் இருமினார், கண்ணைக் காட்டினார், மறுபடியும் இருமினார். பயத்தில் இருக்கும் மனிதருக்கு இதெல்லாம் எங்கே புரியும்? நிறுத்தார்கள். நூறுக்கு ஒரு முடி மேலே.

"பாத்தீங்களா!" ரங்கசாமியின் குரல் உடைந்தது. "போன வாரம் டாக்டர் மெஷின்ல நூத்திருபது. இன்னிக்கு நூறு. ஏழே நாள்ல இருபது கிலோவை உறிஞ்சிட்டா."

அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அந்தத் தராசைத் தம் கையால் 'சரிசெய்து' வைத்தவர் அவர்தான். ஆனால் தராசு சரிதான் என்று பத்து வருடமாகச் சொன்ன பொய்யைக் கடைசியில் நம்பியவரும் அவர்தான்.

பாஞ்சாலை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெல்ட்டு எந்த ஓட்டையில கீதுங்க?"

ரங்கசாமி குனிந்து பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. தேவராஜ் எட்டிப் பார்த்து, "அதே ஓட்டைதாங்க. கடேசி," என்றார்.

"அப்ப ஒண்ணு சொல்லுங்க முதலாளி," என்றாள் பாஞ்சாலை. "தராசு நெஜம்னா, ஃபீஸு வாங்கின டாக்டரால ஆவாததை நான் சும்மா நின்னு பாத்தே செஞ்சிட்டேன். தெனம் வந்து பாக்குறேன், அந்த ஃபீஸை எனக்குக் குடுங்க. தராசு பொய்யின்னா, நூத்திருபதுல இருபது போவுது. ஆறுல ஒண்ணு. ஆறு மூட்டை போட்டா அஞ்சுன்னு காட்டுது. எங்க ஆறாவது மூட்டை எங்கீது?"

"எனக்குப் பன்னெண்டு மூட்டை," என்று பின்னாலிருந்து கோபால்சாமி என்ற விவசாயி விரலை மடக்கி எண்ணினார். "அப்ப ரெண்டு காணோம்."

எல்லாரும் அந்தப் பச்சை பெல்ட்டையே பார்த்தார்கள். இரண்டு கண்ணுக்கே நெஞ்சை அடைத்தவர் எண்பது கண்ணுக்கு நடுவே தராசின் மேல் நின்றார். சாகக் கிடக்கும் யோக்கியனாக இருப்பதா, உயிரோடு இருக்கும் திருடனாக இருப்பதா? கனவானுக்கு உயிர் மேல் ஆசை அதிகம்.

"தேவராஜி," என்றார் ஈனக் குரலில், "துரு ஏறியிருக்கும். கொஞ்சம் பாரு."

தேவராஜ் பலகைக்கு அடியில் கையை விட்டு எதையோ கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். மறுபடியும் நிறுத்தார்கள். நூற்று இருபத்தொன்று. ஒரே நொடியில் உடம்பு தேறிவிட்டது. அந்த உபரி ஒன்று? அந்த வாரத்துப் பொங்கல்.

பாஞ்சாலையின் ஆறு மூட்டையும் அன்று ஆறாகவே நின்றன. அவள் கூரைக்கு மூங்கில் பேசப் போனாள். ரங்கசாமி திருந்தினாரா? ஜீப்பில் ஏறும்போது மூச்சு வாங்கியது. "ஊரே பாத்துடுச்சு," என்றார் டிரைவரிடம், "கடைத்தெருவுல நிறுத்து. இந்த வாட்டி ரெண்டு பூசணிக்கா."

தட்டை என்று சொல்லிவிட்டும் எழுந்து போகாமல் இதுவரை உட்கார்ந்திருப்பவரே, உங்களைத்தான். அமாவாசைக்கு உடைப்பதற்கென்று உங்கள் சமையலறை மூலையில் ஒரு பூசணிக்காய் இருக்கிறது அல்லவா? அதைத் தெருவில் போட்டு உடைத்து, சைக்கிளில் போகிறவனை வழுக்கி விழச் செய்யாதீர்கள். நறுக்கிக் கூட்டு வையுங்கள். வாசலில் யாராவது நின்று பார்த்தால், திரும்பி நிற்கச் சொல்லாமல் கூப்பிட்டு உட்கார வைத்து அவருக்கும் ஓர் இலை போடுங்கள்.

தேங்காயை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.