பதினேழு சொட்டு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாமல் என்ன, உங்கள் வாசலில்தான் புதுக் கார் நிற்கிறதே. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை. இங்கே எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான், நானும் நலமில்லை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் காரைப் பற்றியது மட்டுமே. உங்கள் தங்கை பதினோரு நாளாக உங்கள் வீட்டில் இருப்பதைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இருக்காது. அவளாகப் போனாள், அவளாக வரட்டும்.

காருக்கு வருகிறேன். புதியது வாங்கியபோது பழையதை வெளியாளுக்கு விற்க உங்களுக்கு மனம் வரவில்லை. "குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று சாவியை என் கையில் வைத்துத் தோளைத் தட்டினீர்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்று இதற்கு முன் நீங்கள் என் தலையில் கட்டியது கதவு மூடாத குளிர்சாதனப் பெட்டி. அதற்கு இன்றைக்கும் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் உட்கார ஒரு நாற்காலி குறைகிறது.

மற்றவர்கள் காரில் சக்கரத்துக்கு மேல் இரும்பு ஸ்பிரிங் இருக்கும். உங்கள் காரில் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. பச்சை எண்ணெய். எஞ்சினை ஓடவிட்டால் அது தொட்டியிலிருந்து குழாய்கள் வழியாகப் பாய்ந்து, மாடு எழுந்திருப்பது போல் முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் என்று காரைத் தூக்கி நிறுத்துகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டால் எண்ணெய் மெல்ல மெல்லத் தொட்டிக்கே திரும்பி, சாயங்காலத்துக்குள் கார் வயிறு தரையைத் தொடும்படி படுத்துவிடுகிறது. இது நோய் இல்லை, அதன் சுபாவம் என்று நீங்கள் சொன்னீர்கள். சரி, சுபாவத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நானும் உங்கள் வீட்டில் பெண் எடுத்தவன்.

மூன்றாம் நாள் காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஒரு குட்டை.

மச்சான், நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். குடிநீர் இலாகாவில் கசிவு கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷம். நடுச்சாலையில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் முனையில் காதை வைத்து, ஆறடி ஆழத்தில் எந்தக் குழாய் எந்த மூட்டில் ஒழுகுகிறது என்று சொன்னவன். ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி, இவர் காதுக்குத் தப்பிய சொட்டு கிடையாது என்று மேடையில் பேசினார். நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினீர்கள். அப்பேர்ப்பட்டவன் வீட்டு வாசலில் கசிவு என்றால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

இந்த மாதிரிக் காரைத் தொடுகிற மெக்கானிக் ஒரே ஒருவர்தான் இருக்கிறாராம். மணிக்கட்டு வரை சாயம் ஏறியிருப்பதால் எல்லோரும் அவரைப் பச்சைக்கை என்று கூப்பிடுகிறார்கள். வந்தார். காரைத் தூக்கிக் கட்டை கொடுத்து, அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுக் கீழே படுத்தார். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வருகிற ரப்பர் குழாய், இடது முன்சக்கரத்துக்கு மேலே, கவ்வி இறுக்கிய இடத்தில் வெடித்திருந்ததாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார், புதுக் கவ்வி மாட்டினார், "முடிஞ்சுது சார்" என்றார். மொத்தம் அரை மணி நேரம். போகும்போது பானெட்டைத் திறந்து, தொட்டியின் தலையில் இருக்கிற சின்னக் கண்ணாடியைக் காட்டி, இரண்டு சிவப்பு வளையம், நடுவில் மிதக்கிற முள், அதற்கு மேலே போகக் கூடாது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அளவு பார்ப்பது பற்றி எனக்கே பாடமா என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். அரை மணியில் கண்டுபிடித்த கசிவை நான் நம்புவதில்லை. இலாகாவில் ஒரு சாதாரணக் கசிவுக்கே மூன்று வாரம் எடுத்துக்கொள்வோம்.

நான் சந்தேகப்பட்டது சரியாகத்தான் போயிற்று. மறுநாள் காலை எஞ்சினை ஓடவிட்டு, கார் நிமிர்ந்து நின்றதும் தொட்டி மூடியைத் திறந்தேன். எண்ணெய் கழுத்துக்கு நாலு விரல் கீழே இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் குடித்துவிட்டிருக்கிறது. கழுத்து வரை ஊற்றி மூடினேன். சாயங்காலம் கார் படுத்த பிறகு போய்ப் பார்த்தால் அதே இடத்தில் அதே குட்டை. அடுத்த நாள் காலை அதே நாலு விரல் குறைவு, அதே ஊற்றல், சாயங்காலம் அதே குட்டை. பச்சைக்கையை மறுபடி வரவழைத்தேன். படுத்துப் பார்த்துவிட்டுக் குழாயெல்லாம் காய்ந்திருக்கிறது என்றார். எழுந்து வந்து மறுபடி அந்தக் கண்ணாடியைக் காட்டி ஏதோ ஆரம்பித்தார். ஒழுகுவது கீழே, உமக்கு மேலே என்ன வேலை என்று கேட்டுத் திரும்பவும் அடியில் அனுப்பினேன். மூன்றாம் தடவை வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, "சார், கார்ல ஒழுக்கு இல்ல" என்றார். அப்படியானால் வாசலில் கிடப்பது என்ன, பன்னீரா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை.

ஆகவே வேலையை நானே கையில் எடுத்தேன். காருக்கு அடியில் செய்தித்தாள் விரித்தேன். குழாய்கள்மேல் முகப் பவுடரைத் தூவினேன். எண்ணெய் வந்தால் பவுடரில் கோடு விழும், கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் கசிவு அகப்படும். உங்கள் தங்கையின் இரண்டு டப்பா பவுடர் தீர்ந்தது. அப்புறம் சமையலறை மாவு. அப்புறம் அவள் கேக் சுடுகிற தட்டுகள் நான்கும் சொட்டுப் பிடிக்கக் காருக்கு அடியில் போயின. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன், ஒவ்வொரு குழாயாகக் காதை வைத்துக் கேட்டேன். ஊற்றுகிற தொட்டியை மட்டும் சோதிக்கவில்லை. அங்கே வேலை செய்வது என் கை, அங்கே தப்பு எப்படி வரும்?

இதற்கு நடுவில் எங்கள் கட்டடத்துச் சங்கச் செயலாளர், வெள்ளைக் கால்சட்டையோடு நடந்து வந்தவர், அந்தக் குட்டையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது பின்பக்கம் வசந்த காலமாக இருந்தது. அன்று மாலையே மாடிப்படிச் சுவரில், யாரும் எந்த நிறத்திலும் எதையும் சிந்தக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். யார் என்று பெயர் போடவில்லை. போட்டிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

உங்கள் தங்கையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் வாரமே கதவருகில் நின்று, "ஒரு நாள் அதைத் தொடாம விட்டுப் பாருங்களேன்" என்றாள். நீ எந்த இலாகாவில் வேலை பார்த்தாய் என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று தினம் மூன்று தடவை பார்ப்பது, அவள் மூடிய குழாயை மறுபடி இறுக்குவது இதெல்லாம் அவளுக்குப் பிடிப்பதில்லை. வீட்டில் யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா?

அவளைப் பற்றி எழுதுவதில்லை என்று சொல்லியிருந்தேன். பரவாயில்லை, ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன். அன்றைக்கு அவளுக்குக் கண்புரை அறுவை. முதல் கண். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நான் ஆறு மணிக்கே எஞ்சினை ஓட்டி, எண்ணெய் ஊற்றி, நிறுத்தி, கார் என்மேல் படுத்துவிடாமல் கட்டை வைத்துவிட்டு, அடியில் படுத்துவிட்டேன். ஏழே முக்காலுக்குச் சொட்ட ஆரம்பித்தது. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கசிவு கையும் களவுமாக அகப்படப் போகிற நேரம். பத்து நிமிஷம் பொறு என்றேன். பொறுத்தாள். இன்னும் பத்து நிமிஷம் என்றேன். அப்படி எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, நான் சொட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். காருக்கு அடியிலிருந்து பார்த்தால் மனுஷர்களுக்குக் கால் மட்டும்தான் இருக்கும். அவள் செருப்பு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பை. அப்புறம் பை மேலே போயிற்று.

"நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் போய்க்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை மச்சான். கோபமாகச் சொல்லியிருந்தால் எழுந்திருப்பேன். பதினேழு சொட்டு எண்ணிவிட்டு வெளியே வந்தபோது தெருவில் யாரும் இல்லை. சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். அறுவை முடிந்தது, எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன் என்றீர்கள். "பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியாம யாரையோ கேட்டு ஏறியிருக்கா மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் திருப்பித் திட்டியிருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் யார்? காரைக் கொடுத்தவர். அதனால் நான் கண்டிப்பாகக் கேட்பது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆளை அனுப்பி இந்தக் காரை என் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம், நாற்காலி மட்டும் என்னுடையது. உங்கள் தங்கையை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இரண்டு பேர் இஷ்டம். எனக்குச் சமைக்கத் தெரியும். நேற்றுகூடச் சமைத்தேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை அவர்கள்தான் வேளை தவறாமல் விடுவதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்கள் பெரியவர்களாகி எந்தக் கார் வாங்கினாலும் ஸ்பிரிங் வைத்த காராக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்களுக்கு மாப்பிள்ளையாக வாய்த்தவன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஐந்து நாள் ஆகிறது. தபாலில் போட வாசலுக்கு வந்தவன், செயலாளர் விழுந்த அதே இடத்தில் விழுந்தேன். அவர்தான் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையில் போட்டார். அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதால் மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. காரை யாரும் தொடவில்லை. நாலாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எஞ்சினை ஓட்டினேன். கார் எழுந்து நின்றது. எண்ணெய் டின்னைத் தூக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை, அப்படியே நிறுத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கார் படுத்திருந்தது. அடியில் செய்தித்தாள் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

செயலாளர் போனை இரவல் வாங்கிப் பச்சைக்கையிடம் பேசினேன். ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னார். "மேல ஏறி நிக்கும்போது கழுத்து வரைக்கும் ஊத்தினா, கீழ இறங்கும்போது திரும்பி வர்ற எண்ணெய் எங்க சார் போகும்?" மூடி வழியாக வழிந்து, தொட்டிக்குக் கீழே அதே இடது முன்சக்கரத்துப் பக்கமாக வாசலுக்குத்தான் போகும். நாலு விரல் குறைவாக இருந்தது குறைவே இல்லை, திரும்பி வருவதற்கு விட்ட இடம். உண்மையான கசிவை அவர் முதல் நாளே அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு காலையில் நானே ஊற்றி, சாயங்காலம் நானே கண்டுபிடித்திருக்கிறேன். தொடாமல் விட்டுப் பாருங்கள் என்று அவள் சொன்ன வாரமே கேட்டிருந்தால் அந்த வாரமே முடிந்திருக்கும்.

சமையலறை நாட்காட்டியில்தான் தினமும் சொட்டுக் கணக்கு எழுதிவந்தேன். இன்றைக்கு அதை உட்கார்ந்து பார்த்தேன். அறுவை நாளை அவள் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்த வட்டத்துக்குள் என் கையெழுத்தில் 'பதினேழு' என்று இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை இன்னொரு வட்டம். அது இரண்டாவது கண். அதில் நான் எதுவும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். முப்பத்தோரு வருஷத்தில் எந்த அறிக்கையையும் கிழித்ததில்லை, கீழே திருத்தம் எழுதித்தான் பழக்கம். அவளை இன்னும் கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். மேலே உள்ளதை விட்டுவிட்டு, பின்குறிப்பிலிருந்து வாசியுங்கள் மச்சான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் வாசலில் காரோடு நிற்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன். அவள் வர எவ்வளவு நேரமானாலும் காருக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். பானெட்டைத் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.