ஏழாம் கட்டில் மட்டும் சரி

"பேரச் சொல்லுங்க."

"காலைலதான் சொன்னேனே மிஸ்ஸி."

"அது காலைல இருந்த மிஸ்ஸிகிட்ட. இப்ப எங்கிட்டச் சொல்லுங்க."

"மணி."

தாதி ஷாமளா நான்காம் கட்டில்காரரின் கைப்பட்டையைப் பார்த்தாள். பக்கிரிசாமி என்று இருந்தது. மாத்திரைக் கிண்ணத்தைத் தள்ளுவண்டியிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

போன வாரம் இதே வார்டில் ஒருவருடைய மாத்திரையை அடுத்த கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டாள். வெறும் வயிற்றெரிச்சல் மாத்திரைதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சிஸ்டர் குணவதி தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ நடந்துச்சுன்னா உன்னத் துணி ஸ்டோருக்கு மாத்திருவேன். அங்க தலகாணிக்கு மருந்து கொடுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஷாமளாவுக்கு நோயாளிகளைப் பிடிக்கும். தலையணைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய் அழுதாள்.

அதிலிருந்து விதிமுறையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே இன்னார்?" என்று தாதி கேட்கக் கூடாது. அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் போடுவார். பெயர், அப்பா பெயர், ஐசி என்னும் அடையாள அட்டையின் நம்பர், மூன்றும் நோயாளியின் வாயிலிருந்தே வர வேண்டும்.

"ஐசில இருக்கற பேரு ஐயா."

"எஸ்டேட்டுல எல்லாருக்கும் நான் மணிதான் லா. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா போலீஸ் வந்துருக்குன்னு நெனச்சுக்குவேன்."

"அந்தப் பேரத்தான் சொல்லுங்க."

"எதுக்கு? நான் என்னா தப்புச் செஞ்சேன்?"

பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஷாமளா அவர் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"ஐயையோ, அவரு பேர நான் எப்பிடிச் சொல்றது? நீங்க சொல்லுங்க, நான் தலையாட்டுறேன்."

"நான் சொல்லக் கூடாதுக்கா."

"ஏன், ஒங்களுக்கும் அவரு வீட்டுக்காரரா?"

வார்டே சிரித்தது. ஷாமளா முகம் சிவந்து வண்டியை ஐந்தாம் கட்டிலுக்குத் தள்ளினாள். அங்கே மரியராஜ் பெயரைச் சொன்னார், அப்பா பெயரையும் சொன்னார். ஐசி நம்பர் என்றதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"யாரு ஐசி கேட்டாலும் சொல்லாதீங்கன்னு எம் மக கேரன் சொல்லிருக்கா. எல்லாம் ஏமாத்துற ஸ்கேமாம்."

"நான் நர்ஸ், அங்கிள்."

"போன மாசம் ஒருத்தன் போன் பண்ணி, போலீஸ்னுதான் சொன்னான்."

மகளே சொன்னால் கேட்பார் என்று அவருடைய போனிலிருந்து ஷாமளா கேரனை அழைத்தாள். "உங்க அப்பா ஐசி நம்பர் வேணும்" என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. அப்பாவின் போனில் யாரோ ஒரு பெண் ஐசி கேட்கிறாள் என்றதும் கேரன் தொடர்பைத் துண்டித்துவிட்டு மருத்துவமனைக்கே புகார் செய்தாள்.

சற்று நேரத்தில் வாசலில் காவலிருக்கும் ஜாகா மேலே வந்தார். "இங்க யாரு ஐசி கேட்டுக்கிட்டுத் திரியறது?" வார்டில் இருந்த கைகள் எல்லாம் போர்வைக்குள் போயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஜாகாவின் பின்னாலேயே சிஸ்டர் குணவதியும் வந்து நின்றார்.

"இன்னும் ஒருத்தருக்கும் மருந்து போகலயா? சரி, கொடு. நான் இங்கயே நின்னு பாக்கறேன்."

ஆறாம் கட்டில் காலி. ஷாமளா வண்டியை ஏழாம் கட்டிலுக்குத் தள்ளினாள். அங்கே இருப்பவரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். காலையில்தான் சேர்ந்தவர்.

"பேரச் சொல்லுங்க."

"காளிதாசன்."

"அப்பா பேரு?"

"பரஞ்சோதி."

ஐசி நம்பரைப் பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். கேட்காமலே, "எறா ஒத்துக்காது மிஸ்ஸி" என்றும் சேர்த்துக்கொண்டார். கைப்பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தது, ஆனால் எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஷாமளாவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"பாருங்க எல்லாரும்," என்றார் சிஸ்டர் உரக்க. "பேஷண்டுன்னா இப்பிடி இருக்கணும்!"

காளிதாசன் பரிசு வாங்கியவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷாமளா அவர் முன்னால் ஒரு பெரிய ஜாடியை வைத்ததும் கொஞ்சம் தளர்ந்தார்.

"இது என்னா மிஸ்ஸி?"

"வயித்தச் சுத்தம் பண்ற மருந்து. நாளைக்குக் கொடலுக்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்கல்ல? சொட்டு விடாமக் குடிக்கணும்."

"இதப் பத்தி ஒன்னும் சொல்லலையே."

"டாக்டர் காலைலயே சொல்லியிருப்பாரே."

அவர் ஜாடியைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். "சொல்லியிருப்பாரு," என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அதன் பிறகு வார்டுக்கே ரோஷம் வந்துவிட்டது. "பக்கிரிசாமி! போதுமா?" என்று கத்தினார் மணி. மரியராஜ் போர்வைக்குள் கூப்பிட்டு, காதோடு காதாக நம்பரைச் சொன்னார். எல்லோருக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. "துணி ஸ்டோர மறந்துரு," என்று சிஸ்டர் ஷாமளாவின் தோளைத் தட்டினார். ஷாமளாவுக்கு ஒரு வாரமாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

ஏழாம் கட்டில்காரர் மட்டும் கழிப்பறைக்கு நடையாய் நடந்தார். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அவளுக்குத் திருப்தியாகவும் இருந்தது.

சாயங்காலம், பார்வையாளர்கள் வரும் நேரத்தில், பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக ஒருவர் தாம்பூலப் பையோடு முகப்பு மேசைக்கு வந்தார். திருப்தியாக ஓர் ஏப்பம் விட்டார்.

"மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி, குருண் டவுன்ல தங்கச்சி கல்யாணம், பந்தி முடிய லேட்டாயிருச்சு. நான்தான் காளிதாசன், நீங்க கேட்டதுக்கெல்லாம் மச்சான் சரியாப் பதில் சொன்னாரா?"