பல் டாக்டர் டிராக்டர் கிளப்பிய காதை

வாழ்க அவன்! கடைவாய்ப் பற்களின் காலன், சொத்தைகளைச் சூறையாடிய சூரன், 'ஆ காட்டுங்க' என்னும் ஒற்றை ஆணையால் அஞ்சாநெஞ்சர் பலரையும் நாற்காலியில் மல்லாத்திய மாவீரன், ஊரார் பல் டாக்டர் என்றழைக்கும் நம் காவிய நாயகன் வாழ்க! அவன் இடுக்கி வாழ்க! வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அவன் குட்டிக் கண்ணாடியும் வாழ்க! எத்தனையோ பல்சக்கரங்கள் இருந்தும் எதில் வலி என்று ஒரு வார்த்தை சொல்லாத இரும்பு விலங்கொன்றோடு அவன் மல்லுக்கட்டிய பெருங்கதையைப் பாடப் புகுகிறேன். கிரீஸ் மணக்கும் கலைமகளே, என் நாவில் கொஞ்சம் எண்ணெய் விடு.

அப்பா கண்மூடியபின் வீடு அக்காவுக்கு என்றும், அவ்வீட்டுக் கொட்டகையில் கிடந்த டிராக்டர் தம்பிக்கு என்றும் பங்கு பிரிந்தது. அக்கா கணக்கு டீச்சர். வகுப்பறைகளை முறைத்தே அடக்கியவள். புதிதாகக் கார் வாங்கியவள். காருக்குக் கொட்டகை வேண்டும். ஆகவே அவள், கொடியில் துணி காயப் போட்டபடியே, போர்முரசு கொட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல பழைய இரும்புக்காரர் லாரியோட வர்றார். அதுக்குள்ள கிளம்புச்சுன்னா உன் வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ. இல்லன்னா அவர் ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

இரும்பு போனால் போகிறது என்று நம் வீரன் விட்டிருக்கலாம். விடமுடியாத ஒரு பழைய வலி அவனுக்கு இருந்தது. அரைக்கால்சட்டைப் பருவத்தில் ஒரு நண்பகல், அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, அவன் இந்த டிராக்டரைக் கிளப்பி நேரே குளியலறைச் சுவரில் மோதினான். உள்ளே சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தார். "இனிமே இதுல நீ கை வைக்கவே கூடாது" என்றார் அப்பா. அதற்குப் பிறகும் அவன் திருட்டுத்தனமாக ஏறிப் பார்க்காமல் இல்லை. சாவியைத் திருகுவான், அது உறுமும், ஆனால் கிளம்பாது. அப்பா போய் உட்கார்ந்தால் மட்டும் நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். வண்டிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே அவன் நம்பினான். டாக்டர் பட்டம் வாங்கியும் அந்த வருத்தம் மட்டும் போகவில்லை.

ஆதலால், வெள்ளைக் கோட்டே கவசமாக, நெற்றி விளக்கே மகுடமாக, பல் சுரண்டும் கொக்கியே கூர்வேலாக, கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, ஒட்டடைப் படலங்களைக் கிழித்து, பல்லிப் படைகளைச் சிதறடித்து, அவன் புகுந்தான். தன் காரின் பேட்டரியைக் கழற்றி வந்து பூட்டினான். சாவியைத் திருகினான். கிர்ர்ர், கிர்ர்ர் என்று பழைய குரலில் உறுமிவிட்டு அது சும்மா இருந்தது.

நாயகன் நோயாளியை மேலிருந்து கீழ்வரை சோதித்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே, வெளியே இழுபட்டு நின்ற ஒரு கம்பியைக் கண்டான். அது உள்ளே போய்விடாதபடி, துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்று அதைக் கவ்விக்கொண்டிருந்தது. இங்கேதான் அவன் தொழிலின் தலையாய அறம் தலைநீட்டியது: முந்தைய வைத்தியர் வாய்க்குள் எதையாவது வைத்திருந்தால், ஏன் என்று தெரியாமல் அதை எடுக்கக் கூடாது. அப்பா வைத்தாரென்றால் காரணம் இருக்கும். அவன் கிளிப்பைப் பணிவோடு எடுத்து, கழுவித் துடைத்து, அதற்குள் உள்ளே ஓடிவிட்ட கம்பியை மறுபடி வெளியே இழுத்து, எடுத்த இடத்திலேயே பழையபடி மாட்டினான்.

கிளிப்பில் குறையில்லை எனில் டீசல் ஃபில்டரில்தான் குறை என்று முடிவுகட்டி அதைக் கழற்றினான். அது துருப்பிடித்துத் தூளாக உதிர்ந்தது. புதியது வாங்க உதிரிபாகக் கடைக்குப் போனால், வாசலில் கடைக்காரர் பூதம்போல மறித்து ஒரே கேள்வி கேட்டார். "எந்தக் கம்பெனி, என்ன மாடல்?"

ஐயகோ, அதை யார் அறிவார்! நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்றால், வீட்டில் எதற்கு வர்ணம் அடித்தாலும் மிச்சத்தை அப்பா டிராக்டருக்கே அடித்திருந்தார். கொக்கியும் கையுமாக நம் வீரன் சுரண்டத் தொடங்கினான். வெளிக்கேட்டின் நீலம் உதிர்ந்தது. அதன் கீழே சமையலறை அலமாரியின் பச்சை வந்தது. அதன் கீழே, எந்தக் கதவுக்கு அடித்ததென்று அக்காவுக்கே நினைவில்லாத ஒரு ரோஸ். நிறத்துக்கொரு கம்பெனியாகத் தினமும் போய்ச் சொன்னான், தினமும் கடைக்காரர் வேறொரு ஃபில்டரைக் கொடுத்தார், ஒன்றும் பொருந்தவில்லை.

கடைசியில், ரோஸுக்கும் கீழே, இருக்கைக்குப் பின்னால், பித்தளைத் தகடொன்று மின்னிற்று. ஆ, அந்தக் கணம்! குலமும் கோத்திரமும் வெளிப்படப்போகும் கணம்! பல்லிடுக்கு அழுக்கைப் பெயர்ப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் பெயர்த்தான். பெருமூச்செறிந்து, விளக்கைத் திருப்பி, உரக்கப் படித்தான். "ஓடும்போது கை வைக்காதே" என்று இருந்தது.

மேலுலகிலிருந்து அப்பாவே அதட்டியதுபோல் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் தோல்வியறியாத் தொழில் ஒன்று அவன் கையில் இருந்ததே! பல்செட்டு கட்ட அளவெடுக்கும் பசையைக் குழைத்து, ஃபில்டர் இருந்த குழியில் அப்பி, இறுகும்வரை வழக்கம்போல் "அசையாம இருங்க" என்று டிராக்டரிடம் சொல்லிவிட்டு, அச்சை உருவி எடுத்துக் கடைமேசையில் வைத்தான்.

"இது யாரோட ஈறு, டாக்டர்?" என்றார் கடைக்காரர். விஷயம் விளங்கியதும் அலமாரியில் தட்டுத்தட்டாக இருந்த ஃபில்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து அச்சில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு வரும் ஃபில்டர் ஒன்று அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஞாயிறும் விடிந்தது. லாரி எமவாகனமாய் வாசலில் நின்றது. பழைய இரும்புக்காரர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். புது ஃபில்டர் பூட்டிய புரவியில் நாயகன் ஏறினான். சாவியைத் திருகினான். கிர்ர்ர். மீண்டும் திருகினான். கிர்ர்ர். பேட்டரி மூச்சிரைத்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை" என்று கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்து, கடைசியாகத் திருகினான்.

அதே நேரம் முற்றத்துக் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காற்று பறித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஒரு கிளிப் குறைந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள், கொட்டகைக்குள் எட்டிக் கையை நீட்டினாள், தம்பி கழுவித் துடைத்து மாட்டியிருந்த மரக் கிளிப்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

கம்பி சடக்கென்று உள்ளே போனது. அது, வெளியே இழுத்தால் டீசலை அடைத்துவிடும் கம்பி. குளியலறைச் சுவர் விழுந்த அன்று, மகன் கையில் வண்டி கிளம்பக் கூடாதென்று அப்பா இழுத்துப் பூட்டிய பூட்டு அது. தான் ஏறும்போது கழற்றி, இறங்கும்போது மாட்டிக்கொள்வார். வண்டிக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

எழுந்தது முழக்கம்! அதிர்ந்தது கூரை! ஓடின பல்லிகள்! ஒதுங்கியது லாரி! ஆண்டாண்டுகளாய் அடைபட்ட கரும்புகை அண்டமெங்கும் பொங்கிப் பரந்து, கொட்டகை கடந்து, முற்றம் கடந்து, பகலை இரவாக்கிற்று! இருளின் நடுவே பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வீற்றிருந்தான் வெற்றிவீரன்.

"கிளம்பிடுச்சே! இது எந்தக் கம்பெனி வண்டி சார்?" என்று கத்திக் கேட்டார் இரும்புக்காரர்.

"எங்க அப்பா வண்டி!"

அக்கா படுக்கை விரிப்புகளையெல்லாம் கொடியிலிருந்து எடுத்து மறுபடியும் ஊற வைத்தாள்.