சுப்பராயலு கஞ்சாவைத் தொடமாட்டார்

பக்கத்துத் தெரு அரங்கநாதனுக்குப் புத்தி பேதலித்துப்போன செய்தி வந்தபோது சுப்பராயலு கூழுக்கு வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கொண்டுவந்தவள் அவர் மனைவி அமுதம். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"கரும்புத் தோட்டத்துல கிடந்தாராம். ஒவ்வொரு கரும்பும் துப்பாக்கி புடிச்ச பட்டாளத்துச் சொல்தா மாதிரி தெரியுதுன்னு கும்புடறாராம். நாக்கு காய்ஞ்சு மேல ஒட்டிக்கிச்சு. கண்ணு முழி பூரா கருப்பு. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கினு போறாங்க."

"இன்னாத்த தின்னானாம்?"

"தின்னல. இழுத்தாராம், கஞ்சா. வளையல்காரன்கிட்ட வாங்கினது. ஊமத்தை விதைய அரைச்சுக் கலந்திருக்கான்னு வைத்தியர் சொல்றாரு."

வெங்காயம் வாயிலேயே நின்றது.

சுப்பராயலு ஒதியம்பட்டில் மதிப்பான மனிதர். நெல்லும் கரும்பும் நன்றாக விளையும் நிலம். வெற்றிலை போடமாட்டார். கள்ளுக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார். அமுதம் இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வெயில் சாய்ந்ததும் அவர் கரும்புக்குத் தண்ணீர் பார்க்கப் போவார். தண்ணீர் வாய்க்காலில் போகும். புகை அவருக்குள் போகும். சித்திரைக் கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடந்தபோதுகூட அவர் தண்ணீர் பார்க்கத் தவறியதில்லை.

அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். லைசென்ஸ் வாங்கிய கஞ்சாக் கடை பட்டணத்தில்தான் இருந்தது. ஆனால் எல்லை அப்படி ஒரு எல்லை. இந்த வரப்பு பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வரப்பு இங்கிலீஷ்காரனுடையது. வளையல்காரன் அந்த வரப்பிலிருந்து இந்த வரப்புக்குத் தாண்டி வருவான். முன்வாசலில் பெண்களுக்கு வளையல் போடுவான், கொல்லைப்புறத்தில் ஆண்களுக்குப் பொட்டலம் போடுவான். போன முறை வந்தபோது ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்தான். ஒன்று அரங்கநாதனுக்கு. இன்னொன்று இன்னும் பிரிக்கப்படாமல் சுப்பராயலு வீட்டு மாட்டுக் கொட்டாயில், கூரை ஓலைக்குள் இருந்தது.

அவர் எழுந்து கைகழுவினார். மாட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

கூரைக்குள் கைவிட்டார். ஓலை இருந்தது. ஒரு பல்லி இருந்தது. பொட்டலம் இல்லை.

பக்கத்து ஓலையில் தேடினார். தீவனத் தொட்டியில் தேடினார். கீழே விழுந்து எருமை தின்றிருக்குமோ என்று எருமையின் முகத்தைப் பார்த்தார். எருமை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. எருமைகள் எப்போதுமே அப்படித்தான் இருக்கும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தெளிவுக்கு வரமுடியவில்லை.

"இன்னா தேடறீங்க?" அமுதம் பின்னால் நின்றாள்.

"அரிவாள்."

"அது உங்க கையில கீது."

சுப்பராயலு கையைப் பார்த்தார். அரிவாளை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"மாடு ஒரு மாதிரியா இருக்குதே, அதான் பாத்தேன்."

"மாடு நல்லாத்தான் இருக்குது," என்றாள். மாட்டைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

காணாமல் போன பொருளைப் பற்றி யாரிடமாவது கேட்கலாம். இதைப் பற்றி யாரிடம் கேட்பது? எலி இழுத்துப் போயிருந்தால் சரி. வேலைக்காரன் எடுத்து இழுத்துத் தொலைத்தால் அவனும் ஆஸ்பத்திரிக்குப் போவான், அங்கே யாருடையது என்று கேட்பார்கள். அமுதம் எடுத்திருந்தால்? அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

அன்று மத்தியானமே வில்லியனூர் மேரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. மேரி என்றால் கொம்யூன் கச்சேரி. குமாஸ்தா மரியதாஸ் முன்னால் வந்தார், ஒரு சிப்பாய் பின்னால் வந்தான். வீடு வீடாக விசாரணை.

"வளையல்காரன்கிட்ட வாங்கினவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடணும். அப்புறம் வூட்ல அகப்பட்டா சிறைதான்," என்றார் மரியதாஸ். "உங்க வூட்ல யாருக்காவது பழக்கம் உண்டா?"

சுப்பராயலு தோள்துண்டால் திண்ணையைத் தட்டினார்.

"எங்க வூட்டுக்காரரு வெத்தலைகூட போடமாட்டாரு," என்றாள் அமுதம். "வேணும்னா வூட்டப் பாத்துக்குங்க. கொட்டாயையும் பாத்துக்குங்க."

சிப்பாய் கொட்டாய்க்குள் போனான். அவனுடைய தடி கூரை ஓலையைக் குத்தும் சத்தம் வெளியே கேட்டது. ஒவ்வொரு குத்தும் சுப்பராயலு விலாவில் விழுந்தது. அவன் தும்மிக்கொண்டே வெறுங்கையோடு வந்தான்.

மரியதாஸுக்கு மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவர் வந்த காரியத்தின் மறுபாதியைச் சொன்னார். இந்தப் பக்கத்து ஊர்களுக்கு லைசென்ஸ் கொடுத்து ஒரு கஞ்சாக் கடை திறக்கலாமா, இல்லை ஒரு இலைகூட இருக்கக்கூடாது என்று தடுத்துவிடலாமா என்று மேரித் தலைவரான மேர் துரைக்கு யோசனை. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் ஊரைக் கூட்டிக் கேட்கப்போகிறார்கள்.

"இவரு பேசுவாரு," என்றாள் அமுதம். "பழக்கம் இல்லாதவரு பேசினாதானே நியாயமா இருக்கும்."

அவர்கள் போன பிறகு சுப்பராயலு குரலை ஏற்றினார். "என்னைக் கேக்காம எப்படிடி சொல்லுவ?"

"பேசமாட்டீங்களா?"

"பேசறேன். பேசறதுக்கு இன்னா."

"எந்தப் பக்கம் பேசுவீங்க?"

இதுதான் சிக்கல். கடை வேண்டும் என்று பேசினால் உங்களுக்கேன் அக்கறை என்பாள். வேண்டாம் என்று பேசி அது செல்லுபடியாகிவிட்டால் அப்புறம் வாய்க்காலில் தண்ணீரை மட்டும்தான் பார்க்கவேண்டும்.

"நான் பொதுவா யோசிக்கிறேன்," என்றார். "மாட்டுக்குக் கழிச்சல் வந்தா குடுக்கறாங்க. நாத்து நட்டவன் உடம்பு வலிக்குதுன்னா..."

"உங்களுக்கு உடம்பு வலி இல்லியே."

"நான் ஊரைச் சொல்றேன்."

"ஊரைத்தான் நானும் சொல்றேன்." அவள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். "ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். மத்த வூட்டு ஆம்பளைங்க வளையல்காரனைக் கண்டா வெரட்டறாங்க. நீங்க மட்டும் கூப்ட்டு உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, கொல்லைப்பக்கம் வரைக்கும் போயி வழியனுப்பிட்டு வருவீங்களே. ஏன்?"

முறத்தில் அரிசி சலசலத்தது.

"உனக்கு வளையல் ஆசைன்னு..."

"எனக்கா?" அவள் கையை அசைத்துப் பார்த்தாள். "இருக்கும்."

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கல் பொறுக்கினாள். பிறகு அவளாகவே பேசினாள். குரல் மாறியிருந்தது.

"அரங்கநாதன் பொண்டாட்டி தையலம்மா காலையில வண்டிக்குப் பின்னால ஓடிச்சே, பாத்தீங்களா? புருஷன் பேரைச் சொல்லியே கூப்பிடுது. அவரு யாரோன்னு பாக்கறாரு. திருட்டுத்தனமா வர்றதுல இன்னா கலந்திருக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? கடைன்னு ஒன்னு இருந்தா கலந்தவன் சட்டையப் புடிக்கலாம். தடுத்துட்டா நின்னுடுமா? இன்னொரு வளையல்காரன் வருவான். கடை வேணும்னே பேசுங்க."

சுப்பராயலுக்குக் காதை நம்ப முடியவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பொதுவாக யோசிக்கிறவர் அப்படிச் செய்யக்கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் நிறைந்துவிட்டது. மரியதாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் எழுந்தது அரங்கநாதன் மனைவி தையலம்மாள். அரங்கநாதன் பிழைத்துவிட்டார் என்று செய்தி வந்திருந்தது. ஆனால் இன்னும் பெண்சாதியை அடையாளம் தெரியவில்லை.

"எனக்குக் கடை வேணாம்," என்றாள் அவள். "ஒரு இலைகூட வேணாம். அவ்வளவுதான்."

அவளுக்கு மேலே யார் என்ன பேசுவது? சுப்பராயலு எழுந்தார். பேச ஆரம்பித்ததும் அவருக்கே தெரியாத ஒரு வக்கீல் உள்ளிருந்து வந்தான். அமுதம் முறத்தடியில் சொன்னதையெல்லாம் சொன்னார். அரங்கநாதனைக் கெடுத்தது இலை அல்ல, ஒளித்து விற்ற கை என்றார். கடை என்றால் ஒரு முகம் இருக்கும், ஒரு தராசு இருக்கும், கேட்க ஒரு கதவு இருக்கும் என்றார். கூட்டம் அசைந்தது. தையலம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை," என்றாள். "இதை நீங்க உங்களுக்காகப் பேசலையே? கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. நான் ஒத்துக்கறேன்."

யாரோ கற்பூரம் கேட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அமுதம் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கட்டியை வைத்தாள். கொளுத்தினார்கள்.

சுப்பராயலு அம்மனைப் பார்த்தார். அம்மன் கண் கொட்டாமல் அவரைப் பார்த்தாள். 'தொட்டதில்லை' என்று சொன்னால் பச்சைப் பொய். மாரியம்மனிடம் பொய் சொன்னால் முகத்தில் அம்மை முத்துப் போடுவாள். சொல்லாமல் நின்றால் அமுதம் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்க்கையில் அவருக்கு வந்த யோசனைகளிலேயே அதுதான் கெட்டிக்காரத்தனமானது என்று தோன்றியது.

"ஆத்தா சாட்சியா சொல்றேன்," என்றார். "நான் கஞ்சாவைத் தொடமாட்டேன்."

உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். தொட்டதில்லை என்று சொல்லவில்லை. ஆகவே பொய் இல்லை. தொடமாட்டேன் என்றால் வழக்கமில்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும். தையலம்மாள் கும்பிட்டாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர் தன் இடத்துக்குப் பாதி தூரம் நடந்து வந்த பிறகுதான் அந்தச் சொல் திரும்பி நின்று அவரைப் பார்த்தது. தொடமாட்டேன். இனிமேல் என்றைக்கும். அம்மன் சாட்சியாக. உள்ளங்கை எரிய ஆரம்பித்தது.

"அப்போ கடைய யாரு நடத்தறது?" மரியதாஸ் கேட்டார். "பழக்கம் உள்ளவன்கிட்ட லைசென்ஸ் குடுத்தா சரக்குல பாதி அவனே இழுத்துடுவான்."

கூட்டத்திலிருந்து ஆதிமூலம் எழுந்தான். அமுதத்தின் தம்பி. வருஷம் முழுக்க வாய் திறக்காதவன், மனப்பாடம் செய்தவன் போல ஒரே மூச்சில் சொன்னான். "எங்க மாமாவுக்கே குடுத்துடுங்க. இப்பத்தான் சத்தியம் பண்ணாரு."

"நல்ல யோசனை," என்று பல பேர் சொன்னார்கள். தையலம்மாளும் சொன்னாள்.

"தொடமாட்டேன்னு சொன்னவரு எப்படிப்பா நிறுத்துப் போடுவாரு?" என்று மரியதாஸ் நியாயமாகவே கேட்டார்.

"அவரு பேருக்கு உக்காரட்டும்," என்றாள் அமுதம். "தராசு நான் புடிச்சிக்கிறேன்."

மாதம் முடிவதற்குள் லைசென்ஸ் வந்தது. சுப்பராயலு வீட்டு முன்னறையில் கடை. பெட்டி நிறையப் பட்டணத்துச் சரக்கு, கலப்படமில்லாதது. திறக்கும்போதெல்லாம் வாசனை அவர் மூக்கைத் தேடிவந்து பேசும். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அமுதம் நிறுத்து, மடித்து, கொடுப்பாள். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதிகம் கேட்டவனிடம், "உன் பொண்டாட்டிய அனுப்பு, குடுக்கறேன்," என்பாள். ஊரில் புகைப்பது பாதியாகக் குறைந்தது. உடம்பு தேறி வந்த அரங்கநாதன் அந்தத் தெருவழியாகவே போவதில்லை.

ஒரு சாயங்காலம் வாங்கிப் போனவர்கள் கரும்புப் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த சுப்பராயலு, கடைசியில் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

"அமுதம், உனக்கு எப்போ தெரியும்?"

அவள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "எது?"

அவர் வாயைத் திறந்தார். எது என்று சொன்னால் அதைச் சொன்னதாக ஆகிவிடும்.

"ஒன்னுமில்ல."

"சரி," என்றாள் அமுதம், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. "போயி கரும்புக்குத் தண்ணி பாத்துட்டு வாங்க. ஆதிமூலம் கூட வருவான்."