சாக்ஸபோன் தயங்கியது ஏன்?

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம். நானும் நலம், கீழ்த்தாடையின் இடது பக்கம் நீங்கலாக. புது வேலையில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மாற்றலாகிப் போகும்போது நீ என்ன சொன்னாய்? "ஜாஸ் இசை கேட்கிற குழுவுல என் நாற்காலி காலியா இருக்கக் கூடாது அத்தான், நீங்க போய் உக்காந்தா போதும்" என்றாய். வாயைத் திறக்க வேண்டிவரும் என்று சொல்லவே இல்லையே! முப்பத்தொரு வருஷம் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், டாக்டர் ஓர் ஆல்பத்தின் இசைத்தட்டைச் சுழலவிட்டார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன், தூங்கவில்லை, உன்மேல் ஆணை. முடிந்ததும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம். நூலகர் அம்மா, "மழை விட்ட தெருவுல ஒருத்தர் தனியா நடக்கிற மாதிரி இருந்தது" என்றார். டாக்டர், "சாக்ஸபோன் எப்படித் தயங்கித் தயங்கி வருது பாருங்க, அந்தத் தயக்கம்தான் இந்த ஆல்பமே" என்றார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காதில் விழுந்ததைத்தானே சொல்ல முடியும்? "பிளேயர்ல தட்டைச் சுத்துற பெல்ட் தளர்ந்திருக்கு டாக்டர்" என்றேன்.

அதோடு விட்டேனா? அடுத்த வாரம் புது பெல்ட்டை வாங்கிப்போய் மாட்டினேன். அதே ஆல்பம், ஆனால் சாக்ஸபோன் சம்பளம் வாங்கிய ஆள் மாதிரி ஜம்மென்று நடந்தது. நூலகர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டர் முகம் செத்துப்போயிற்று. குழு நோட்டில் அந்தத் தயக்கத்தைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதிவைத்திருக்கிறாராம், எனக்கெப்படித் தெரியும்? அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

என் கெட்ட நேரம், செவ்வாய்க்கிழமை பல்வலி வந்தது. உன் அக்கா, "வேற டாக்டர் யாரு இருக்கா இங்க? போய் வாயத் திறங்க, பேசாதீங்க" என்று அனுப்பினாள். மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சை அடைத்து, கொறடைக் கையில் எடுத்த பிறகுதான் டாக்டர் பேச ஆரம்பித்தார்.

"இந்த நாற்காலிக்கு யாரும் சிரிச்சுக்கிட்டு வர்றதில்ல சார். எல்லாரும் போனப்புறம் அந்த ஆல்பத்தைப் போட்டுக் கேப்பேன். பல்லப் பிடுங்கறதுக்கு முன்னாடி எனக்கும் கை தயங்கும். இவ்வளவு பெரிய வித்வானே தயங்குறாரு, நமக்கென்னன்னு தைரியம் வரும். இப்ப நான் யாரைக் கேட்டு தைரியம் வரவழைக்கிறது?"

கொறடு அந்தரத்தில் நிற்கிறது. "நீங்க ஒண்ணும் தயங்காதீங்க டாக்டர்" என்று சொல்ல நினைத்தேன், பஞ்சு வழியாக "ஆ... ஊ..." என்றுதான் வந்தது. நல்லபடியாகவே பிடுங்கினார். எனக்குத்தான் வீடு வரைக்கும் மனசு கேட்கவில்லை. ஒருத்தருடைய தைரியத்தைக் கழற்றிப் போட்டுவிட்டேனே! ஆகையால் என் பெயரை நீக்கச் சொல்லி நீயே அவர்களுக்கு எழுதிவிடு. எனக்கு மோட்டார்தான் லாயக்கு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வீங்கிய கன்னத்துடன்,
அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் டாக்டர் போன் செய்தார். "புது பெல்ட்டோட ஏழு தடவை கேட்டேன். தட்டோட ரெண்டாம் பக்கம், எட்டாவது நிமிஷம், நிஜமாவே ஒரு தயக்கம் இருக்கு, வந்து கேளுங்க!" என்றார். ஓடினேன். இருக்கிறது. சத்தியமாக அது பெல்ட் இல்லை. மூன்று தடவை திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். எதுவும் எழுதிவிடாதே. இனிமேல் உனக்கு வேறு நாற்காலி பார்த்துக்கொள்.