அரக்கில் மஞ்சள் பார்டர் போட்ட வெட் சூட்

நான்கு முறை கடலுக்கடியில் போய் வந்தவளுக்கு இருக்கும் தலைக்கனம், நானூறு முறை போய் வந்தவருக்கு இருக்காது. அந்த நாலு முறைக்காரி நான்தான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வீடு திண்டிவனம், வேலை புதுச்சேரி. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போய், மாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற கூட்டத்தில் ஒருத்தி. அந்தப் புதுச்சேரியில்தான் ஸ்கூபா டைவிங் கற்றுத்தரும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, வீட்டில் நீச்சல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தேன். (பொய் இல்லை. முதல் இரண்டு வகுப்புகள் நீச்சல் குளத்தில்தான் நடந்தன.)

கடலுக்கடியில் எனக்குப் பிடித்தது மீன்கள் அல்ல, அமைதி. வாயில் குழாயை வைத்துவிட்டால் நானும் பேச முடியாது, எதிரே இருப்பவரும் பேச முடியாது. இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் யாரும் கல்யாணம் எப்போது என்று கேட்காத இடம் தமிழ்நாட்டில் அது ஒன்றுதான். அதற்காகவே நான் உயிரை விடத் தயாராக இருந்தேன்.

என் பயிற்சியாளர் ஆரோக்கியம் மாஸ்டர் நல்ல மனிதர். சொந்தமாகச் சாமான் வாங்கப் போகிறேன் என்றதும், முதலில் முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் ஒன்றை மட்டும் வாங்குங்கள், மற்றதை வாடகைக்கு எடுத்துக்கொண்டே இருங்கள், ஐம்பது டைவ் ஆன பிறகு உங்களுக்கே தெரியும் என்றார். நான் பொறுமையாகத் தலையாட்டினேன். அவர் பிழைப்பு அப்படி, வாடகை வருமானம் போய்விடுமே என்று பயப்படுகிறார் என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன். இன்டர்நெட்டில் நாற்பது வீடியோ பார்த்தவளிடம் முப்பது வருட அனுபவம் எடுபடுமா?

முழு செட் வாங்க வேண்டுமென்றால் வீட்டில் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவர் மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கிப் பார்த்தே, உள்ளே பருப்பில்லாத பொக்கு எவ்வளவு என்று மூட்டையின் யோக்கியதையைச் சொல்லிவிடுவார். கடல் விஷயம் அப்படிக் கைக்குள் அடங்கவில்லை. அம்மா அழுதாள். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு தீர்ப்பு சொன்னார்கள். அப்பா ஒரு நாள் படகில் கூட வந்து நேரில் பார்ப்பார். ஆபத்து இல்லை என்று அவருக்குப் பட்டால் நான் தொடரலாம். ஆபத்து என்று பட்டால், அன்றோடு கடலுக்கு ஒரு கும்பிடு.

இதற்கு நான் ஒப்புக்கொண்டதில் தவறில்லை. அம்மா போட்ட இன்னொரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டதுதான் தவறு. உடுப்பு வாங்க அவளும் வருவாளாம். அம்மா வந்தால் விழுப்புரம் சித்தியும் வருவாள். எங்கள் குடும்பத்தில் சித்தி தொட்டுப் பார்க்காமல் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. மூன்று கல்யாணங்களுக்கு முகூர்த்தப் புடவை எடுத்த கை அது.

சென்னையில் இருந்த அந்தக் கடைக்கு நல்ல நேரம் பார்த்துப் போனோம். கடைக்காரப் பையன் பணிவாகக் கறுப்பு நிற வெட் சூட் ஒன்றை எடுத்து வைத்தான். சித்தி அதைத் தொடக்கூட இல்லை.

"மொத மொதல்ல வாங்குறது கறுப்பா? வேற கலரு எடுங்க தம்பி."

அவன் கருநீலம் காட்டினான். அதுவும் கறுப்புக்குத் தங்கச்சிதானே என்றாள் சித்தி. இன்னொன்று காட்டினான், அதிலும் கறுப்புக் கை. இதற்குள் அம்மா ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எல்லாமே உடம்போடு ஒட்டுகிறது. பையன் விளக்கினான். தோல் மாதிரி ஒட்டினால்தான் உடம்புச் சூடு போகாது, லூசாக இருந்தால் இதைப் போட்டுப் பயனே இல்லை. அம்மா அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"தோலு மாதிரி இருக்கணும்னா, அதான் தோலே இருக்குதே. இது எதுக்கு?"

பையன் அந்த சூட்டை மடித்து ஓரமாக வைத்தான்.

பிறகு சித்தி எட்டிப் பார்த்து, உள் அலமாரியில் மடித்து வைத்திருந்த ஒன்றைக் கைகாட்டினாள். அரக்கு நிறம். இரண்டு பக்கமும் தோளிலிருந்து கணுக்கால் வரை மஞ்சள் பட்டை. யாரோ வெளிநாட்டுக்காரர் குளிர் தேசத்தில் டைவ் பண்ண ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனதாம். ஏழு மில்லிமீட்டர் கனம். என்னைப் போல் இரண்டு பேர் உள்ளே குடித்தனம் நடத்தலாம். பையன் நேர்மையானவன். இது பனிக்கட்டி மிதக்கிற கடலுக்கு, நம்ம ஊர்த் தண்ணீருக்கு மூன்று மில்லியே அதிகம் என்று கெஞ்சினான். சித்தி இரண்டு விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்லா கெட்டியா இருக்குது. அரக்குல மஞ்ச பார்டரு. இத வுட்டுட்டு எத எடுப்ப?"

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நாற்பது வீடியோ பார்த்த நிபுணி, கண்ணாடி முன் நின்று அரக்கு எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். அளவு பெரிதுதான். ஆனால் உள்ளே சௌகரியமாகக் கையை வீசலாம். அதோடு போகாத சரக்கு என்பதால் பாதி விலை. சம்மதித்தேன்.

அதன் பிறகு சித்தியைத் தடுக்க ஆளில்லை. மாஸ்க் முகத்தில் ஒட்டுகிறதா என்பதைவிட அரக்குக்கு மேட்சாக இருக்கிறதா என்று பார்த்தாள். காலில் போடும் ஃபின்ஸ் மஞ்சள். மூச்சு விடுகிற ரெகுலேட்டரில், ஆபத்துக்கு உதவ இரண்டாவதாக ஒரு வாய்க்குழாய் தொங்கும். அதைப் பார்த்து, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போல என்று மனம் குளிர்ந்தாள். சிலிண்டர் செட்டில் வராது, டைவிங் நடத்துகிறவர்கள் தருவார்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. அடுப்பைக் கொடுத்துவிட்டு கேஸுக்கு அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்வது என்ன வியாபாரம் என்று பையனைக் கேட்டாள்.

கடைசியாக அவன் ஈயக்கட்டிகளை எடுத்து வைத்தான். இடுப்பில் பெல்ட்டோடு கட்டிக்கொண்டால்தான் கீழே இறங்க முடியும், இந்தக் கனமான சூட்டுக்கு நிறையவே வேண்டும் என்றான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இடுப்புல கனத்த கட்டிக்கினு கடல்ல எறங்குறதா? பெத்தவ நான் பாத்துக்கினு இருக்க, எம்பொண்ணுக்கு அத வாங்கித் தருவனா?"

அவள் குரல் உடைந்தது. அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அம்மா பயந்தால் எனக்குத் தாங்காது. அதோடு, மூச்சை நன்றாக வெளியே விட்டால் தானாகவே இறங்கிவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம். நம் அளவுக்குத் தேறியவர்களுக்கு ஈயம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் சூட்டின் கால் நீளம் தரையைப் பெருக்குகிறது என்று சித்தி அதை டெய்லரிடம் கொண்டுபோனாள். அவர் நைட்டி தைப்பதில் கைதேர்ந்தவர். மடித்து அடித்து, கைக்கும் காலுக்கும் நல்ல இறுக்கமாக எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, புது வண்டிக்குச் செய்வது போல ஃபின்ஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தேன்.

முந்தின நாளே மாஸ்டர் போன் பண்ணி, உங்களுக்கு என்னென்ன எடுத்து வைக்கட்டும் என்று கேட்டிருந்தார். சிலிண்டர் மட்டும் போதும் மாஸ்டர், மற்றதெல்லாம் என்னிடமே இருக்கிறது என்றேன். அந்தக் குரலில் இருந்த அலட்சியத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

படகில் மாஸ்டர், படகோட்டி, வாடகை உடுப்பில் இரண்டு கல்லூரிப் பையன்கள், வெள்ளை வேட்டிக்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்ட என் அப்பா. மாஸ்டர் என் உடுப்பை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தார். பிறகு, யார் எடுத்தது என்று மட்டும் கேட்டார். அப்பா பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலையில் காபிகூடக் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இன்று மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பையன்கள் இருவரும் குதித்தார்கள், இறங்குகிறோம் என்று கட்டை விரலைக் கீழே காட்டினார்கள், மறைந்தார்கள். நான் குதித்தேன். ஒரு கணம் உள்ளே போனேன். அடுத்த கணம் கடல் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. சூட்டுக்குள் இருந்த காற்று, எலாஸ்டிக் வழியாக வெளியே போக முடியாமல் முதுகுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மூச்சை விட்டேன். இன்னும் விட்டேன். உயிர் போகிற அளவுக்கு விட்டேன். தலைகீழாகப் பாயப் பார்த்தேன். மஞ்சள் ஃபின்ஸ் இரண்டும் வானத்தில் உதைத்துக்கொண்டிருக்க, அரக்கு நிற முதுகு அசையாமல் அப்படியே இருந்தது.

மாஸ்டர் படகில் மிச்சம் இருந்த ஈயம் நான்கு கிலோவையும் என் இடுப்பில் மாட்டினார். கடலுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவர் கீழே போய் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கீழே போவதற்குப் பதில் அவர் மேலே வந்தார். அந்த வழியாகப் போன மீன்பிடிப் படகு ஒன்று வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்து, அது என்ன என்று விசாரித்தது. எங்கள் படகோட்டி, ஒண்ணுமில்ல, நம்ம பொண்ணுதான், எறங்க ட்ரை பண்ணிக்கினு இருக்குது என்று பதில் சொன்னார். அவர்கள் போகவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

இருபது நிமிடம் ஆனது. பெஞ்சைப் பிடித்திருந்த அப்பாவின் கை எப்போது விட்டது என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது படகின் விளிம்பில் முழங்காலிட்டு, கவலையோடு என்னை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு மாஸ்டரிடம் மிக மரியாதையாகக் கேட்டார்.

"நான் வேணா மேலருந்து கொஞ்சம் அமுக்கட்டுங்களா சார்?"

மகள் மூழ்கிவிடுவாளோ என்று பட்டினி கிடந்து வந்த மனிதர் இவர். நான் மாஸ்க்குக்குள் அழ ஆரம்பித்தேன்.

ஏணியில் ஏறும்போது இன்னொன்று தெரிந்தது. காற்றை வெளியே விடாத எலாஸ்டிக் தண்ணீரையும் விடாது. கழுத்து வழியாக உள்ளே புகுந்த தண்ணீர், ஒவ்வொரு காலிலும் ஒரு குடமாகத் தொங்கியது. மூன்று பேர் இழுத்தும் நான் மேலே வரவில்லை. கடைசியில் படகோட்டி கத்தியால் இரண்டு கணுக்காலிலும் எலாஸ்டிக்கை அறுத்தார். கொட்டிய தண்ணீரோடு ஒரு சின்ன மீனும் வந்து விழுந்தது என்று சித்தி இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள். சித்தி அந்தப் படகில் இல்லவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதுதான் என் நீர் விளையாட்டு. வீட்டு வாசலில் அம்மாவும் சித்தியும் காத்திருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணும் பயமில்ல. பொக்கு மல்லாட்டைய தண்ணியில போட்ட மாதிரி மெதக்குறா. பத்து பேரு சேந்து அமுக்குனாலும் கீழ போவ மாட்டா. தாராளமா போவட்டும்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சித்தி, நான் எடுத்த துணியாச்சே என்றாள். எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வொரு முறையும் அந்த அரக்கு உடுப்பைத்தான் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் பொக்கு. சித்தி பிள்ளைகளுக்கு நான் பொக்கு அக்கா. பெண் பார்க்க வந்த இடத்தில் என் கணவருக்கு முதலில் சொல்லப்பட்டது என் படிப்பு அல்ல, இந்தக் கதைதான். (அவர் அப்போதே சிரித்தார். இன்னும் நிறுத்தவில்லை.)

அந்த நிபந்தனையை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பது வேறு. ஒவ்வொரு ஞாயிறும் அரக்கு சூட்டைப் பையில் சுமந்துகொண்டு போவேன். கடலில் இறங்குவது, உடம்போடு ஒட்டுகிற, வாடகைக்கு எடுத்த கறுப்பு சூட்டில். முடிந்ததும் அரக்கைக் கடலில் ஒரு முக்கு முக்கி எடுத்துவந்து மாடிக் கொடியில் காயப் போடுவேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாள். இரண்டு வருடம் இந்தத் திருட்டுத்தனம் யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு அசதியில் முக்கி எடுக்க மறந்துவிட்டேன். பையைக் கூடத்தில் போட்டுவிட்டுத் தூங்கியும் போய்விட்டேன். மாலையில் திடுக்கிட்டு எழுந்து பார்த்தால் பை காலி. மாடிக்கு ஓடினேன். கொடியில் அரக்கு சூட் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா காலி பக்கெட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் மாடிப்படியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மா மோந்து பாக்கறவ. ரெண்டு கை கல்லுப்பு போட்டிருக்கேன். அடுத்த வாரம் நீயே நனைச்சுக்கினு வா, என்னால தூக்க முடியல."