பவர் அண்ணாச்சி வாங்கிய வாய்தா

தென்காசி வட்டாரத்தில் பவர் அண்ணாச்சி அளவுக்கு என்னைக் கோபப்படுத்தியவர் இதுவரை பிறக்கவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒரே நிலத்தை மூன்று பேருக்கு விற்றவனோடும் நிதானமாகப் பேசியிருக்கிறேன். அவனாவது தலையைக் குனிந்துகொண்டான்.

பவர் என்றால் மின்சாரம் இல்லை. எங்கள் மேலகரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கரண்ட் போனால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுண்டு. அவரும் கூச்சமே இல்லாமல், "சொல்லியாச்சு, வந்துரும்" என்று அனுப்பிவைப்பார். இந்தப் பவர், தன் சார்பில் செயல்பட ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னி. செத்துப் பல காலமான ஒரு செஸ் உலக சாம்பியனுக்குத் தானே பவர் ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டு ஆடியவர் அவர்.

குற்றாலத்தில் அவருக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருந்தது. சாரல் சீசன் முடிந்தால் அங்கே ஈ காக்கை வராது. மிச்ச மாதமெல்லாம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்து அறையில்தான் குடியிருப்பு. ஃபேன் சத்தம் சாம்பியனுக்கு ஆகாது என்று நிறுத்திவிடுவார்; நாங்கள் வேர்த்துக் கிடப்போம். தனக்கு ஒரு டீ, சாம்பியனுக்கு ஒரு காபி என்று சொல்லி இரண்டையும் அவரே குடிப்பார்.

ஜெயித்தால் அது அந்தக் காலத்து ஆட்டத்தின் மகிமை. தோற்றால், ஏஜெண்ட் செய்த தப்புக்கு எழுதிக் கொடுத்தவர் பொறுப்பில்லை என்பார். சட்டப்படி பொறுப்புதான். ஏஜெண்ட் செய்தது எழுதிக் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தும். அது போகட்டும், எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிஷமே பவரும் செத்துவிடும். இதை நான் விதியோடு எடுத்துச் சொன்னேன்.

"அது உம்ம ஆபீஸ்லவே, சூப்பிரண்டு. ஆட்டத்துல யாரு செத்தா?" என்றார்.

இன்றைய சாம்பியன்தான் பலசாலி என்பது என் கட்சி. இப்போதுள்ள பிள்ளைகள் கம்ப்யூட்டரோடு ஆடி வளர்கிறார்கள், தப்பு குறைவு, ரேட்டிங் புள்ளியும் அதிகம். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"புள்ளியா? அது உம்ம ஆபீஸ் கைடுலைன் வேல்யூ மாதிரி. மேலகரத்துல அதே மண்ணுதான் கெடக்கு, வெலை மட்டும் ஏறிட்டு. மண்ணு ருசி கூடிட்டாவே?"

என் ஆபீஸை வைத்தே என்னை மடக்கிவிட்டார். அதுதான் கோபம். பிறகு பேச்சு அருவிக்குப் போகும். முந்தின சாரலில் தண்ணீர் அதிகமா, இந்தச் சாரலில் அதிகமா என்பதை அன்றைக்கு நனைந்தவனிடம் கேட்க வேண்டுமாம். அந்தச் சாம்பியன் ஆடியபோது இவர் எங்கே நனைந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சங்கமே தலையாட்டியது.

கடைசியில் பந்தயம் வைத்தோம். தோற்றவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, எதிராளியின் சாம்பியன்தான் பெரியவர் என்று வாயால் சொல்ல வேண்டும். அவர் பழையவருக்கு, நான் இன்றையவருக்கு. இன்றையவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் எனக்கு எதுவும் எழுதித் தரவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே முறைகேடு அது.

பந்தய ஆட்டம் ஒன்றாவது முடிந்ததா? ராணி போனதும் வாய்தா கேட்பார். அந்தக் காலத்தில் நீண்ட ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் ராணியைப் பறிகொடுத்ததற்கெல்லாம் யாரும் தள்ளிவைத்ததில்லை. மறுநாள் வந்து பார்த்தால் காய்கள் டப்பாவுக்குள் போயிருக்கும். "யாரோ எடுத்து வச்சுட்டாவ. மொதல்லருந்து ஆடுவோம்" என்பார். அந்த யாரோ யார் என்பது சங்கத்துப் பூனைக்கும் தெரியும்.

போன சாரலில் ஒரு நாள் லாட்ஜை விட்டுவிட்டு ஆட வந்து வசமாகச் சிக்கினார். ராஜா மூலையில்; தப்ப வழியில்லை. ஆட வேண்டியது அவர். பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சாம்பியனுக்கு ஒண்ணு தோணியிருக்காம். காலைல வந்து ஆடுதேன். காயில கைய வச்சிராதீரும்."

கையை வைக்காதீர் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம். பலகையை அப்படியே பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

காலையில் அவர் வரவில்லை. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது என்று லாட்ஜிலிருந்து ஆள் வந்து சொன்னார். வாய்தா வாங்கிய கையோடு செத்துப்போவது எந்த ஊர் நடைமுறை? எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு வீம்பா? மயானத்திலும் எனக்குக் கோபம்தான்.

அந்த நிலையிலிருந்து தப்பிக்க ஒரு நகர்த்தலும் கிடையாது. செல்போனில் கம்ப்யூட்டரைக் கேட்டேன், கிடையாது என்றது. இப்போதும் அவ்வப்போது கேட்கிறேன்.

முந்தாநாள் சங்கச் செயலாளர் பீரோ சாவியைக் கேட்டார். புது உறுப்பினர்கள் ஆட வேண்டுமாம். வேறு செட் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"இப்ப ஏஜெண்டும் போயாச்சு. எழுதிக் கொடுத்தவர் செத்தாலே பவர் செத்துரும்னு நீருதான சொன்னீரு?" என்றார்.

"அது ஆபீஸ்லவே" என்றேன்.